"எடுத்துப் போட்டுடு" என்று சொல்லாதீர்கள்

மெனோபாஸ் என்பது ஆங்கிலச் சொல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பிரெஞ்சுக்காரர் தந்தது. கார்தான் என்ற மருத்துவர் 1821-ல் தன் புத்தகத்தின் பெயரிலேயே அதைப் போட்டுவிட்டார். (பாட்டிக்கு எதிலும் பிரெஞ்சுதான் என்று என் பேரன் சிரிப்பான்.) ஆனால் புதுச்சேரியில் எங்களுக்குப் பிரெஞ்சில் பாடம் நடத்திய மசேர்கள் யாரும் அந்தச் சொல்லை வாயெடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. பேச்சில் 'ரெத்தூர் தாஜ்' என்பதோடு சரி. வீட்டில் அம்மா "நின்னு போச்சு" என்று முடித்துவிட்டார்.

நமக்கெல்லாம் இது முடிந்து இருபது, முப்பது வருடம் ஆகிறது. இப்போது அந்த வயதில் இருப்பவர்கள் நம் மகள்கள், மருமகள்கள். ராத்திரி வேர்த்துக் கொட்டி மருமகள் எழுந்து உட்கார்ந்தால், "நாங்க தாண்டி வரலையா? சொல்லிக்கிட்டா திரிஞ்சோம்?" என்கிறோம். அந்த வேர்வையும் தூக்கமின்மையும் சிலருக்கு ஏழெட்டு வருடம்கூட நீடிக்கும். போக்கு அதிகம் என்று மகள் சொன்னால், "பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு அது? எடுத்துப் போட்டுடு" என்கிறோம். முதல் பேச்சு மனதைத்தான் நோகடிக்கும். இரண்டாவது பேச்சு உடம்பையே கெடுத்துவிடும்.

கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டிய நோய்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், வருடக்கணக்கில் மெல்லக் குறைய வேண்டிய ஈஸ்ட்ரோஜன் திடீரென்று விழுந்துவிடுகிறது. 40 வயதில் அப்படி நடந்தால் எலும்புத் தேய்மானமும் இதய நோயும் அத்தனை சீக்கிரம் வாசலுக்கு வரும். மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை அமல்படுத்தும்படி 2023-ல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டி வந்தது. பைல் பார்த்தே காலம் தள்ளியவள் நான். ஒரு சாதாரண பில்லே நாலு மேஜை தாண்டித்தான் பாஸாகும். ஆபரேஷனுக்கு மட்டும் ஒரே டாக்டர் சொன்னதும் கையெழுத்தா? இன்னொருவரிடமும் காட்டச் சொல்லுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. மாதவிலக்கு 12 மாதம் வராமல் இருந்து, பிறகு எப்போது ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். பெரும்பாலும் பயப்பட ஏதுமிருக்காது. ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது கர்ப்பப்பைப் புற்றுநோய். ஆரம்பத்திலேயே பார்த்தால் குணப்படுத்திவிடலாம். என்னோடு டைப்பிஸ்டாக இருந்தவர் 62 வயதில் பட்டதை "உடம்புச் சூடு" என்று எட்டு மாதம் மோர் குடித்துச் சமாளித்தார். பையனிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அவர் இன்று இல்லை.

எலும்புக்கு மாத்திரை மட்டும் போதாது. நடக்கவும் வேண்டும், வெயிலும் படவேண்டும். கடற்கரைச் சாலையில் இரண்டும் இலவசம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கூழ் என்றால் முகம் சுளிக்கும் என் மருமகள், முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டிக் கொடுத்தால் மூன்று சாப்பிடுகிறாள்.