மைக் செட்டுக்குக் காசு இருக்கு, வாத்தியாருக்கு இல்லையா?

டிசம்பர் கடைசி வாரம் வந்தா போதும், பெங்களூர்ல இருக்கிற நம்ம அபார்ட்மென்ட் தமிழ்க் குழுக்களுக்கெல்லாம் ஒரு சுறுசுறுப்பு வந்துடும். ஒயிட்ஃபீல்ட், சர்ஜாபூர் ரோடு, எலக்ட்ரானிக் சிட்டின்னு எங்க போனாலும் ஒரே கதைதான். குடும்பத்துக்கு இவ்வளவுன்னு வசூல், க்ளப் ஹவுஸ் புக்கிங், லைட் மியூசிக், உறியடி, கோலப் போட்டி, சின்னப் பசங்களோட சினிமாப் பாட்டு டான்ஸ், கடைசியில வாழை இலைச் சாப்பாடு. நடுவுல ஓசூர் பக்கம் ப்ளாட் விக்கிற ஸ்பான்சர் மைக்கைப் பிடிச்சார்னா விட மாட்டார். முடிஞ்சதும் வேட்டி சேலையில குரூப் போட்டோ, "தமிழன்டா"ன்னு ஒரு ஸ்டேட்டஸ். அவ்வளவுதான். அடுத்த மீட்டிங் சித்திரை ஒண்ணாந்தேதிக்கு.

இதுல என்னய்யா தப்புன்னு கேப்பீங்க. கொண்டாட்டத்துல ஒரு தப்பும் இல்லை. பொட்டி தட்டிப் பிழைக்க வந்த ஊர்ல, வருஷத்துக்கு ரெண்டு நாள் நாலு பேர் சேர்ந்து தமிழ்ல கத்திப் பேசி, இலை போட்டுச் சாப்பிடறது நல்ல விஷயம்தான். என் சண்டை வசூலோட. காசு கேக்கும்போது "நம்ம மொழி, நம்ம பண்பாடு, நம்ம அடுத்த தலைமுறை"ன்னு சொல்லிக் கேக்கறோம். அந்த அடுத்த தலைமுறை மேடை ஏறி, இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்ச "இனிய பொங்கல் வாழ்த்துகள்" துண்டுச் சீட்டைப் பாத்து வாசிக்குது. நாம கைதட்டறோம். யாருக்கும் உறுத்தலை.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். தமிழ் பேரைச் சொல்லி வாங்கற காசுல முதல் கால் பங்கு, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கறதுக்குப் போகணும். மிச்சத்துல மேடை போடுங்க, பாட்டுக் கச்சேரி வைங்க, யாரை வேணா கூப்பிடுங்க. அது முடியாதுன்னா பேர்ல இருக்கிற தமிழை எடுத்துட்டு "பொங்கல் சாப்பாட்டுக் குழு"ன்னு வச்சுக்குங்க. அதுவும் நல்ல குழுதான், நானும் சாப்பிட வர்றேன். :-)

கால் பங்கு எப்படிப் போதும்? ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம். 200 குடும்பம், ஆளுக்கு 1500 ரூபாய். 3 லட்சம் ஆச்சு. ஸ்பான்சர் காசை இதுல சேர்க்கவே இல்லை. இப்ப வாத்தியார் பக்கம் வாங்க. வருஷத்துக்கு 40 ஞாயிற்றுக்கிழமை, ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம், 1500 ரூபாய் கொடுத்தா 60,000. புத்தகம், நோட்டு, ஜெராக்ஸ்னு இன்னொரு 15,000. மொத்தம் 75,000. இடம் வாடகை இல்லை, அதே க்ளப் ஹவுஸ்தான். 3 லட்சத்துல கால் பங்கு. ஒரு வருஷம் உருப்படியா நடந்தா, ஆனா ஆவன்னா தெரியாத பிள்ளை கடைப் போர்டைக் கூட்டிப் படிக்கும்.

பாடத்திட்டம் இல்லைன்னு சாக்குச் சொல்ல வழியில்லை. தமிழ்நாடு அரசு 2001ல தமிழ் இணையப் பல்கலைக்கழகம்னு ஒண்ணு தொடங்கினது ஞாபகம் இருக்கும். இப்ப அது தமிழ் இணையக் கல்விக்கழகம். வெளியூர்ப் பிள்ளைகளை மனசுல வச்சே மழலைப் பாடம், அதுக்கு மேல சான்றிதழ்ப் படிப்பெல்லாம் போட்டு வச்சிருக்காங்க. வாத்தியார் இல்லைன்னும் சொல்லாதீங்க. அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கம் போய், ரிட்டையரான தமிழாசிரியர் யாராவது இருக்காங்களான்னு விசாரிங்க. பிரச்சனை என்னன்னா, ரிங் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற தமிழரை நமக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கற ஆசையும் இல்லை.

அவங்க கதையைக் கொஞ்சம் கேளுங்க. 1809ல வெள்ளைக்காரன் பெங்களூர்ல கன்டோன்மென்ட் போட்டப்ப, சிப்பாயா, கூலியா, வியாபாரியா, கான்ட்ராக்டரா வந்த கூட்டம்தான் இந்த ஊர்த் தமிழரோட வேர். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் அப்படி வந்து வியாபாரத்துல நிமிர்ந்தவர். இன்னைக்கு ஹைகோர்ட் இருக்கிற அட்டாரா கச்சேரி கட்டடத்தைக் கட்டின கான்ட்ராக்டர். கையில காசு வந்ததும் அவர் செஞ்சது, 1873ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சதுதான். ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி அறக்கட்டளைன்னு அவர் பேர்ல இன்னைக்கும் நடக்குது. 150 வருஷம் தாண்டியாச்சு. அவர் வீட்டு விசேஷத்துல என்ன சாப்பாடு போட்டாங்கன்னு யாருக்காவது தெரியுமா?

காசுக்காரர் கதைன்னு ஒதுக்கிடாதீங்க, கோலார் தங்கவயலைப் பாருங்க. பூமிக்கு அடியில இறங்கி வேலை பாத்த தமிழ்த் தொழிலாளிங்க. அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில 1907ல ஆரம்பிச்ச "தமிழன்" பத்திரிகைக்கு வாசகரா, ஆதரவா நின்னவங்க. அவர் 1914ல காலமானார். பிறகு 1926ல இருந்து தங்கவயல்லயே அந்தப் பத்திரிகையை மறுபடி நடத்தினாங்க, ஜி. அப்பாத்துரையார் ஆசிரியரா இருந்தார். அங்கிருந்து புத்தகமும் போட்டாங்க. சுரங்கத்தை 2001ல மூடிட்டாங்க. அவங்க அச்சடிச்சது இன்னைக்கும் ஆராய்ச்சிக்காரங்க கையில இருக்கு. நம்மள்ல பாதிப் பேரோட ஒரு மாச இ.எம்.ஐ. அளவு கூட அவங்க கையில இருந்திருக்காது.

அப்புறம் 1950ல பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் வந்தது. அல்சூர் ஏரிக்கரையில சொந்தக் கட்டடம், நூலகம். அவங்க முயற்சியில 1991ல வச்ச திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பு வந்ததால 18 வருஷம் திறக்காம மூடியே கிடந்தது. அதே 1991 கடைசியில காவிரிக் கலவரத்துல இந்த ஊர்த் தமிழர் பட்ட பாடு வேற கதை. 2009 ஆகஸ்ட் 9ந்தேதி ஒருவழியா சிலையைத் திறந்தாங்க. நாலு நாள் கழிச்சு சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தாங்க. ரெண்டு முதலமைச்சரும் ரெண்டு இடத்துக்கும் போனாங்க. ஒரு சிலைக்காக அத்தனை வருஷம் பொறுமையாக் காத்திருந்த ஊர் இது. இன்னைக்கு அந்தச் சிலைக்கு முன்னால காரை நிறுத்தினா, பின் சீட்டுல இருக்கிற நம்ம பிள்ளை "யாருப்பா இந்தத் தாத்தா"ன்னு கேக்கும்.

சரி, ஊரை விட்டுப் போனவங்க எல்லாருக்கும் இதுதானே நடக்கும்னு ஒரு சமாதானம் சொல்வாங்க. அப்படிப் போன இன்னொரு கூட்டத்தைப் பாப்போம். நார்வேக்காரங்க 1825ல இருந்து கப்பல் ஏறி அமெரிக்கா போக ஆரம்பிச்சாங்க. அடுத்த நூறு வருஷத்துல சுமார் 8 லட்சம் பேர் போயிட்டாங்க. 1895ல மினியாபொலிஸ்ல 18 பேர் சேர்ந்து "சன்ஸ் ஆஃப் நார்வே"ன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. எதுக்குத் தெரியுமா? டான்ஸுக்கு இல்லை. ஒருத்தன் நோயில படுத்தா, செத்துப் போனா, அவன் குடும்பம் தெருவுக்கு வந்துடக் கூடாதுன்னு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வச்ச பொதுக் காசு அது. மொழியும் பண்பாடும் கூடவே வந்தது.

தலைமுறை மாற மாற வீட்டுல நார்வேஜிய மொழி போயிடுச்சு. சங்கக் கூட்டமும் இங்கிலீஷுக்கு மாறிடுச்சு. மிச்சம் இருந்தது என்ன? மே 17ந்தேதி ஊர்வலம், "பூனாட்"ங்கிற பாரம்பரிய உடை, அப்புறம் "லூட்டஃபிஸ்க்"னு ஒரு ஐட்டம். காயவச்ச காட் மீனைக் காரத்தண்ணியில ஊறப்போட்டுச் செய்யறது. அமெரிக்காவுல நார்வேக்காரங்க சர்ச்சுகள்ல இன்னைக்கும் அந்தச் சாப்பாட்டை டிக்கெட் போட்டு வித்துத்தான் நிதி திரட்டறாங்க. நம்ம பொங்கல் இலைச் சாப்பாடு மாதிரியேதான்.

ஆனா அதே ஜனங்க 1874ல மினசோட்டாவுல செயின்ட் ஓலாஃப்னு ஒரு பள்ளி ஆரம்பிச்சாங்க. இப்ப அது காலேஜ், இன்னைக்கும் அங்க நார்வேஜிய மொழி பாடம் உண்டு. நம்ம முதலியார் பள்ளிக்கு ஒரு வருஷம் இளையது. 1963ல இருந்து அதே மாநிலத்துல, பிள்ளைகள் கோடை லீவுல தங்கி அந்த மொழியைப் படிக்கிற முகாமும் நடக்குது. கொள்ளுத்தாத்தா எழுதின கடுதாசியைப் படிக்கத் தெரிஞ்ச கொஞ்சப் பேர் இன்னைக்கு அங்க இருக்காங்கன்னா, அது இந்த மாதிரி வகுப்புகள்னால. மீன் சாப்பாடு ஒருத்தருக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுக்கலை.

அந்த நார்வேக்கே அகதியாப் போன நம்ம ஈழத்து ஜனங்க என்ன செஞ்சாங்கன்னும் பாக்கணும். குளிர்ல, தெரியாத பாஷையில, ராத்திரி ஷிப்ட் வேலைக்கு நடுவுல, வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆரம்பிச்சாங்க. அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம்னு பேர். பெற்றோரே தொண்டரா நின்னு நடத்தறாங்க. ஆஸ்லோவுல முடியுது. ஓசூர்ல இருந்து ஒரு மணி நேரத்துல வந்துடற ஊர்ல முடியாதா?

இனி வழக்கமா வர்ற பதில்கள்.

"கன்னட நாட்டுல இருக்கோம், கன்னடம் படிச்சாப் போதும்." கன்னடம் படிக்கணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்லை. 2015ல கர்நாடகா சட்டமே போட்டுப் பள்ளியில கட்டாயமாக்கியிருக்கு. தமிழ்நாடு 2006ல தமிழுக்குச் செஞ்சதுதான் அது, குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. நம்ம பிள்ளைங்க போற சி.பி.எஸ்.இ. பள்ளியில தமிழ்ப் பாடம் இருக்கறதே அபூர்வம். அதனாலதான் சொல்றேன், கன்னடத்தைப் பள்ளி பாத்துக்கும், தமிழை நாமதான் பாத்துக்கணும்.

"வீட்டுல பேசறோமே, அது போதாதா?" பேசறது ஒரு தலைமுறைக்குப் போதும். எழுத்து தெரியாத மொழி, அடுத்த தலைமுறையில "சாப்டாச்சா", "தூங்கு", "பாட்டி"ன்னு பத்து வார்த்தையில வந்து நிக்கும். 2011 கணக்கெடுப்புல பெங்களூர் நகர மாவட்டத்துல நூத்துக்குச் சுமார் 15 பேருக்குத் தாய்மொழி தமிழ். அதுல எத்தனை பேருக்கு எழுத்து தெரியும்னு அந்தக் கணக்கு சொல்லாது. 2022 டிசம்பர்ல தமிழ்ச் சங்கத்துல முதல் தமிழ்ப் புத்தகத் திருவிழா நடந்தது. அந்தப் புத்தகத்தையெல்லாம் இருபது வருஷம் கழிச்சு யார் வாங்குவாங்க?

"நாங்க தொண்டு செய்யறோம், எங்ககிட்ட கணக்குக் கேக்கறது அவமானம்." இதுதான் எனக்குப் பிடிக்காத பதில். ராத்திரி கண்ணு முழிச்சுத் தோரணம் கட்டறவங்க உழைப்புக்குக் கும்பிடு. ஆனா காசு ஊர்க் காசு. பதிவு செஞ்ச சங்கம்னா, 1960 கர்நாடக சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செஞ்ச கணக்கைக் காட்டியாகணும். பதிவு செய்யாத குழுன்னாலும், ஒரு பக்கத்துல வரவு செலவு எழுதி லிப்ட் பக்கம் ஒட்ட என்ன கஷ்டம்? கேட்டா கோவப்படறாங்கன்னா, அடுத்த வருஷம் இன்னும் நல்லாக் கேக்கணும்.

"பெரிசா ஏதாவது செய்யலாம்." செஞ்சோமே. ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் வேணும்னு உலகத் தமிழரெல்லாம் சேர்ந்து திரட்டினாங்க. 2017ல தமிழ்நாடு அரசே 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018ல இலக்கை எட்டிட்டாங்க. நல்லது, சந்தோஷம். ஆனா ஹார்வர்ட்ல ஆராய்ச்சி பண்ணப் போற பிள்ளைக்கும் "அ" யாராவது போட்டுக் கொடுக்கணும். அது நம்ம பி ப்ளாக் க்ளப் ஹவுஸ்ல ஞாயிற்றுக்கிழமை காலையில பத்து மணிக்கு நடக்க வேண்டிய வேலை.

அதனால மக்களே, இந்தத் தைக்கு ரசீது புக்கோட யாராவது காலிங் பெல் அடிச்சா, உள்ள கூப்பிட்டுக் காபி கொடுங்க. காசும் கொடுங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: "தமிழ் வகுப்பு என்னைக்கு ஆரம்பம்?" இருபது வீட்டுல இதே கேள்வி வந்தா, இருபத்தியோராவது வீட்டுக்குப் பதிலோட வருவாங்க.

டிஸ்கி: "நீ வந்து சொல்லிக் கொடேன்"னு கேக்கப் போறவங்களுக்கு: வர்றேன். நாற்பது ஞாயிறும் என்னால முடியாது, பத்து முடியும். இன்னும் மூணு பேர் கை தூக்குங்க.