ஊக்கத்தொகையும் இலவசமும்

ஏழைக்குச் சர்க்கார் ஒரு ரூபாய் கொடுத்தால் அதற்கு "இலவசம்" என்று பெயர். முதலாளிக்குச் சர்க்கார் ஒரு கோடி ரூபாய் கொடுத்தால் அதற்கு "ஊக்கத்தொகை" என்று பெயர். முன்னது நாட்டைக் கெடுக்கிறதாம்; பின்னது நாட்டை வளர்க்கிறதாம். கொடுக்கிற கை ஒன்று, எடுக்கப்படுகிற பெட்டி ஒன்று. பெயர் மாத்திரம் இரண்டாயிருப்பதன் இரகசியம் என்ன என்று நாம் கேட்கின்றோம்.

தொழிலுக்குச் சர்க்கார் உதவி செய்யவே கூடாது என்பது நமது அபிப்பிராயமல்ல. உதவி இல்லாமல் எந்தத் தொழிலும் வளர்ந்ததில்லை என்பதே நமது கட்சி. ஈரோட்டிலும் கோயமுத்தூரிலும் மில்லும் தறியும் பெருகியதைப்பற்றிப் பேசுகிறவர்கள் "லட்சுமி கடாட்சம்" என்கிறார்கள். "ஜாதக பலன்" என்கிறார்கள். சிலர் "எங்கள் ஜாதிக்கே உள்ள பிறவிக் குணம்" என்றும் சொல்லிக்கொள்ளுகிறார்கள். அவர்களுடைய உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் நடந்த சங்கதி என்ன? 1922 லேயே ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபைக் காலத்தில் தொழில்களுக்குச் சர்க்கார் உதவி செய்வதற்கென்று ஒரு சட்டம் செய்யப்பட்டது. 1932 ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் கோயமுத்தூர்ப் பக்கம் மில்கள் மளமளவென்று பெருகின. 1949 ல் தொழில்களுக்குக் கடன் கொடுக்கவென்றே சென்னையில் ஒரு முதலீட்டுக் கழகம் ஏற்பட்டது. பிற்பாடு பெருந்துறையில் சிப்காட் நிலம் வந்தது. 2023 ல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்திற்கு 1000 யூனிட்டும், கைத்தறிக்கு 300 யூனிட்டும் விலையில்லா மின்சாரமாக்கப்பட்டது. இவற்றில் லட்சுமி செய்தது எது? கடன் கொடுத்தது பாங்கி; மானியம் கொடுத்தது வரி செலுத்திய ஜனங்கள்; ஆயுத பூஜையன்று பொட்டும் பொரியும் கும்பிடும் மாத்திரம் சரஸ்வதிக்கு!

நிற்க. இந்த உதவி யாருக்கு எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். 2023 ல் மைக்ரான் என்னும் அமெரிக்கக் கம்பெனி குஜராத்தில் சாணந்து என்ற ஊரில் 275 கோடி டாலர் மதிப்பில் தொழிற்சாலை வைக்க ஒப்பந்தமாயிற்று. அந்தச் செலவில் நூற்றுக்கு 50 பங்கு மத்திய சர்க்காரும், 20 பங்கு குஜராத் சர்க்காரும் கொடுப்பதென்று முடிவாயிற்று. அதாவது 100 ரூபாயில் 70 ரூபாய் ஜனங்களுடையது. தொழிற்சாலை மாத்திரம் கம்பெனியுடையது. அதே வருஷத்தில் தமிழ்நாட்டில் ஆதிதிராவிட, பழங்குடித் தோழர்களுக்கென்று அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஏற்பட்டது. இதில் மானியம் நூற்றுக்கு 35; உச்ச அளவு ஒன்றரைக் கோடி; வட்டியிலும் 6 சதவிகிதம் சலுகை. இத்திட்டத்தை நாம் மனதார வரவேற்கின்றோம். ஆனால் கோடி கோடியாய் வைத்திருப்பவனுக்கு 70, ஒன்றுமில்லாதவனுக்கு 35 என்றால் இது எந்த ஊர்க் கணக்கு?

பெரிய தொழிற்சாலை வந்தால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைக்கும் என்று சொல்லப்படலாம். கிடைக்கட்டும். ஆனால் வேலை கொடுப்பதே உதவிக்கு யோக்கியதை என்றால், சென்னிமலையிலும் பவானியிலும் தறி போட்டு நான்கு பேருக்குக் கஞ்சி ஊற்றுகிறவனுக்கு அந்த யோக்கியதை இல்லையா?

அன்றியும், அந்த 35 ஆவது சுலபத்தில் கைக்கு வருகிறதா? பாங்கி கடன் கொடுத்தால்தான் சர்க்கார் மானியம் கொடுக்கும். பாங்கியோ ஜாமீன் கேட்கும். ஜாமீன் என்றால் நிலம். இந்த நாட்டில் நிலம் ஜாதிப்படியே பங்கிடப்பட்டுக் கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாய்த் தோல் வேலையும் பண்ணையமுமே செய்துவந்த அருந்ததியத் தோழர் எந்தப் பட்டாவைக் கொண்டுபோய் மேஜையின்மேல் வைப்பார்? 10 லட்சம் ரூபாய் வரையிலுமாவது சிறுதொழிலுக்கு ஜாமீன் கேட்கக்கூடாது என்று 2010 லேயே ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் கொடுக்க மனமில்லாதவர் ஜாமீன் என்ற பேச்சையே எடுக்காமல் "உன் திட்டம் லாபகரமாயில்லை, பிறகு வா" என்று சொல்ல என்ன தடை இருக்கிறது?

இவையெல்லாவற்றையும்விட ஆபத்தான உதவி ஒன்று உண்டு. மத்திய சர்க்கார் விசுவகர்மா திட்டம் என்பதை 2023 செப்டம்பர் 17 ந் தேதி, அதாவது ஈரோட்டில் பிறந்த பெரியாருடைய பிறந்த நாளன்றே ஆரம்பித்தது. குரு சிஷ்ய பரம்பரையையும், குடும்ப வழியாய் வரும் தொழிலையும் பலப்படுத்துவது அதன் நோக்கமாம். 18 தொழில்கள்; 18 வயதானால் போதும்; 5 சதவிகித வட்டியில் 3 லட்சம் வரை கடன். காலேஜுக்குப் போகவேண்டிய வயதில் பையன் கையில் சவரக் கத்தியையும் வெளுக்கிற துணியையும் கொடுத்து, அதற்குக் கடனும் கொடுப்பது உதவியா, விலங்கா? 1953 ல் ஆச்சாரியார் பள்ளிக்கூடத்தின் வழியாய்க் கொண்டுவந்த குலக்கல்வியை 1954 ல் காமராஜர் ஒழித்தார். அதுவே இப்போது பாங்கியின் வழியாய் வருகிறது. தமிழ்நாடு சர்க்கார் இதை மறுத்து, 2025 ல் கலைஞர் கைவினைத் திட்டத்தை ஆரம்பித்தது. அதில் 25 தொழில்கள். 35 வயது நிறைந்திருக்கவேண்டும். தகப்பன் என்ன தொழில் செய்தான் என்ற கேள்வியே கிடையாது. இதுதான் சரியான முறை. ஆனால் மானியம் நூற்றுக்கு 25 தான், அதுவும் 50,000 ரூபாய்க்குமேல் இல்லை என்பதையும் நாம் சொல்லியே தீரவேண்டும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. கடன் மறுக்கிற பாங்கி அதன் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். எந்தக் கம்பெனிக்கு, எந்த ஆளுக்கு எவ்வளவு மானியம் போயிற்று என்ற ஜாபிதாவை ஒவ்வொரு தாலுகா ஆபீஸ் சுவரிலும் ஒட்டவேண்டும். பிறந்த ஜாதியின் தொழிலுக்கு ஒருவனைக் கட்டிப்போடும் எந்த உதவியும் சர்க்கார் பேரால் நடக்கக்கூடாது.

தோழர்களே, கடன் கேட்டுப் போகும்போது கை கட்டி நிற்காதீர்கள். ஒரு தீப்பெட்டியை விலை கொடுத்து வாங்கும்போதுகூட அந்தப் பெட்டியை நிரப்புகிறவர்கள் நீங்கள். அதில் உங்கள் பங்கைத்தான் கேட்கிறீர்கள்.