மூன்றாம் பிள்ளையின் பங்கு

மதீனாவில் வணிகக் கூட்டம் ஒன்று வந்து தங்கியிருந்த இரவு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களோடு காவல் நின்றார்கள். குழந்தை ஒன்று விடாமல் அழுதது. மூன்று முறை சென்று தாயிடம் காரணம் கேட்டார்கள். கேட்பவர் யாரென்று அறியாத அப்பெண், பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பதாகச் சொன்னாள். பால் மறந்த பிள்ளைக்கு மட்டுமே உமர் உதவித்தொகை தருகிறார் என்றாள். பிள்ளைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன. அன்றைய ஃபஜ்ரில் கலீஃபாவின் ஓதுதல் அழுகையினால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். தொழுகை முடிந்ததும் விதி மாறியது. பிறந்தது முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என அறிவிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் கலீஃபாவின் இளகிய மனத்துக்குச் சான்றாகவே மேடைகளில் கேட்டுப் பழகிவிட்டோம். மதரஸா வகுப்பில் நாமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் பழைய விதியும் கெட்ட எண்ணத்தில் பிறந்ததன்று. தனியே உண்ணத் தொடங்கிய பிள்ளைக்குத்தான் செலவு என்ற கணக்கு அதில் இருந்திருக்கக்கூடும். அவ்விதி ஒரு தாயை எதற்குத் தூண்டியது என்பது அந்த இரவில்தான் தெரிந்தது.

நம் மாநிலத்தின் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தை இக்கண்ணோடு பார்க்க வேண்டும். 2006-இல் 6,000 ரூபாயாக இருந்த உதவி, 2011-இல் 12,000 ஆகி, 2018-இல் 18,000 ஆனது. 14,000 ரொக்கம், மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். கருவுற்றதும் செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும், குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்னும் நிபந்தனைகளை நாம் மனமார வரவேற்கிறோம். அவை தாயை மருத்துவத்தின் பக்கம் அழைத்துவருகின்றன.

2024-இல் ஐந்து தவணைகள் மூன்றாயின. அலைச்சல் குறைந்தது உண்மை. ஆயினும் முன்பு பிரசவத்தை ஒட்டிக் கிடைத்த பணம், இப்போது குழந்தையின் நான்காம் மாதத்துக்குத் தள்ளிப் போயிற்று. காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் வீட்டில் இதன் பொருள் என்ன? கணவன் நெய்ய, தார் சுற்றுபவள் மனைவி. பிள்ளை பெற்ற நாற்பது நாளும் அவள் கை ஓய்ந்திருக்க வேண்டும். தார் சுற்றக் கூலிக்கு ஆள் வைத்தால் நெய்த கூலி கரையும். வைக்காவிட்டால் தறி நிற்கும். பச்சை உடம்போடு அவளே ராட்டையின் முன் அமர்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது. பால்குடியின் முழுக்காலம் ஈராண்டு எனக் குர்ஆன் (2:233) வகுத்து, அத்தாயின் உணவையும் உடையையும் தந்தையின் கடமையாக்குகிறது. அவனுக்கு வருவாய் குன்றும் காலம் எதுவோ அப்போது வராத உதவி யாருக்கு?

அதைவிடக் கடுமையானது, முதல் இரு பிரசவங்களுக்கு மட்டுமே உதவி என்னும் வரம்பு. குடும்பக் கட்டுப்பாட்டுக் கொள்கையைப் பற்றி இங்கே வாதிட வரவில்லை. மூன்றாம் பிள்ளை பிறந்தே விட்டது. அதன் தாய் அநேகமாக முன்னிருவரின் தாயைவிட மெலிந்தவள். அவளது இரும்புச்சத்தைக் குறைப்பதால் எந்தக் கொள்கை வெல்லும்?

2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த இவ்வூரில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் தாயின் கைக்கே செல்வது நல்ல ஏற்பாடு. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவானால் தகுதியில்லை என்ற விதி மட்டும் உறுத்திற்று. ஒரே மின் இணைப்பில் மூன்று மருமகள்கள் வாழும் வீட்டில் அந்த அளவு செல்வத்தைக் காட்டாது.

அரசிடம் கேட்பது இருக்கட்டும். நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மாலில் மூன்றாம் பிரசவத்துக்கு ஒரு கணக்கு உண்டா? ஏழாம் நாள் அகீகா விருந்துக்குக் கடன் வாங்கி ஆடு தேடுகிறவனைத் தடுக்க நாம் வாய் திறந்ததுண்டா? நாற்பது நாளைக்குத் தார் சுற்றும் கூலியை ஏற்பது பெரிய தொகையன்று. ஒலிமுகமதுபேட்டையிலோ பிள்ளையார்பாளையத்திலோ, அடுத்த ஜும்ஆவுக்குள் ஒரு வீட்டுக்கேனும் அதைக் கொடுத்துவிட முடியும்.