குடவோலைக் கல்லும் மல்யுத்தக் களமும்

சென்ற கோடையில் ஒரு மாலை, உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுச் சுவரருகே நின்றிருந்தேன். முன்னொரு காலத்தில் என்னிடம் படித்த ஒருவர் மிதிவண்டியை நிறுத்திவிட்டு அருகே வந்தார். வயலில் கூலி வேலை செய்பவர். நம் பங்கைச் சேர்ந்தவர். அவருடைய மகள் எட்டாம் வகுப்பு முடித்தவள், கபடியில் கெட்டிக்காரி. விளையாட்டு விடுதி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.

"சார், பொண்ண அனுப்பலாமா? டெல்லியில அந்தக் குஸ்தி பொண்ணுங்களப் போலீசு இழுத்துக்கினு போனத டிவியில பார்த்ததிலயிருந்து அவங்கம்மா வேணாம்னு ஒரே பிடிவாதமா நிக்குது" என்றார்.

நான் அன்று என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன், அந்தத் தாயின் அச்சத்தை நாட்டுப்புறத்துப் பயம் என்று தள்ளிவிடுகிற படித்தவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்தத் தாய் எதைக் கண்டு அஞ்சினார் என்பதை அவர்கள் ஒருமுறையேனும் வரிசையாக எண்ணிப் பார்த்தார்களா?

2023 சனவரி 18 அன்று நாட்டின் முதல் வரிசை மல்யுத்த வீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் வந்து அமர்ந்தனர். ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாக்ஷி மாலிக், உலகப் போட்டியில் இருமுறை பதக்கம் பெற்ற வினேஷ் போகத், டோக்கியோவில் வெண்கலம் வென்ற பஜ்ரங் புனியா ஆகியோர் அவர்களுள் முன்னின்றவர்கள். இந்திய மல்யுத்த சம்மேளனத்தின் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங் வீராங்கனைகளிடம் பாலியல் முறைகேட்டில் ஈடுபட்டார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். அரசு மேரி கோம் தலைமையில் ஒரு மேற்பார்வைக் குழுவை அமைத்தது. வீராங்கனைகளும் நம்பி எழுந்து சென்றனர். ஏப்ரலில் குழு அறிக்கை தந்தது. அந்த அறிக்கை முழுமையாக மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. முகாந்தரமாகக் கண்டதென்று அமைச்சகம் வெளியிட்ட சில வரிகளில் ஒன்று மட்டும் நம் நெஞ்சில் தைக்க வேண்டியது: 2013ஆம் ஆண்டின் சட்டம் கேட்கிறபடி முறையாக அமைந்த உள்ளகப் புகார்க் குழு சம்மேளனத்தில் இல்லை.

பெண்ணொருத்தி தலைமையில், உறுப்பினருள் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க, வெளியாள் ஒருவரும் உட்கார வேண்டிய குழு அது. சட்டம் வந்து பத்தாண்டுகள் ஆகியும் பெண்களை உலக அரங்குக்கு அனுப்பிய ஓர் அமைப்பில் அது ஒழுங்காக இல்லை. அப்படியாயின் அந்தப் பெண்கள் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்? 'ஏன் அப்போதே சொல்லவில்லை' என்று கேட்பவர்கள் இதற்கு விடை சொல்லட்டும். முகாமுக்கு யார் வரலாம், அணியில் யார் இடம்பெறலாம், வெளிநாட்டுக்கு யார் போகலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது சம்மேளனம். அந்தச் சம்மேளனத்தின் தலைவர்மீதே புகார் என்றால், புகார் எழுதும் கையே தன் வாய்க்கு வரும் சோற்றையும் தட்டிவிடுகிற கையாகிவிடும் அன்றோ?

ஏழு பெண்கள் காவல் நிலையத்தில் எழுதித் தந்தார்கள். வழக்குப் பதிவாகவில்லை. மீண்டும் ஏப்ரல் 23 அன்று நடைபாதையில் அமர்ந்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். அதன் பின்னரே, 28ஆம் நாள், டெல்லி காவல்துறை இரண்டு வழக்குகளைப் பதிவு செய்தது. ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர்கள் துணை நின்றும் ஒரு முதல் தகவல் அறிக்கைக்கு உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்ததென்றால், நம் கூலித் தொழிலாளியின் மகள் எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கும்?

மே 28 வந்தது. புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட நாள். அதை நோக்கி நடக்க முயன்ற வீராங்கனைகளைக் காவலர்கள் தரையோடு இழுத்துப் பேருந்தில் ஏற்றினார்கள்; அன்று மாலையே அவர்கள்மீதே வழக்கும் பதிவாயிற்று. இரண்டு நாள் கழித்து, பதக்கங்களைக் கங்கையில் விட்டுவிட அரித்துவார் சென்று, விவசாயத் தலைவர்கள் தடுத்ததால் திரும்பினார்கள்.

உத்திரமேரூர்க்காரனாகிய எனக்கு இவ்விடத்தில் ஒரு தனி வலி உண்டு. அந்தக் கட்டடத்துக்கு 2020 திசம்பர் 10 அன்று அடிக்கல் நாட்டியபோது, நாட்டின் பிரதமர் நம் ஊர்க் கல்வெட்டைப் பெயர் சொல்லிப் போற்றினார். நம் ஊரில் அன்று பலர் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்தக் கல் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டாமா?

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. முப்பது குடும்புகள், குடும்புதோறும் தகுதியுள்ளோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்படும், சிறுவன் ஒருவன் எடுப்பான். இதை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள். யார் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்ற பகுதியைத்தான் யாரும் சொல்வதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் திரும்ப வரக்கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயோடும் தகப்பனோடும் உடன்பிறந்தவர்கள், உடன்பிறந்தாளை மணந்தவன், மருமகன், தகப்பன், மகன் என்று நீள்கிறது பட்டியல். பெரும்பாதகம் செய்தவர்களுக்கும் இத்தகைய தடை உண்டு. ஒருவன் வெளியேறி, தன் ஆளை உள்ளே நிறுத்திவிட்டு, வாசலில் நின்று ஆட்சி நடத்துவான் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குமுன் நம் ஊராருக்குத் தெரிந்திருந்தது.

(அந்தக் கல்லைப் பொற்காலமாக்க எனக்கு எண்ணமில்லை. சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களுக்கான சபை அது. என் முன்னோர் பெயரோ, எந்தப் பெண்ணின் பெயரோ அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்க வழியில்லை. எனினும் விதி விதிதான்.)

இனி டெல்லிக்குத் திரும்புவோம். 2023 திசம்பர் 21 அன்று சம்மேளனத் தேர்தல் நடந்தது. பிரிஜ் பூஷணுக்கு மிக நெருங்கியவரான சஞ்சய் சிங் 40 வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்ற முன்னாள் வீராங்கனை அனிதா ஷியோரனுக்கு 7. அந்த அனிதா, பிரிஜ் பூஷண்மீதான வழக்கில் சாட்சி. வாக்களித்தவர்கள் மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள். களத்தில் இறங்குகிறவள் என்ற முறையில் எந்தப் பெண்ணுக்கும் அங்கே வாக்கில்லை. அன்று சாக்ஷி மாலிக் தம் காலணிகளைக் கழற்றி மேசைமேல் வைத்து, அழுதபடி விளையாட்டைவிட்டு விலகினார். மூன்று நாளில் அரசு புதிய நிர்வாகத்தை இடைநீக்கம் செய்தது. 2025 மார்ச்சில் அந்த நீக்கத்தை விலக்கிக்கொண்டது. இதற்கிடையே 2024 நாடாளுமன்றத் தேர்தலில் பிரிஜ் பூஷணின் தொகுதியாகிய கைசர்கஞ்சு அவர் மகனுக்கு அளிக்கப்பட்டது, மகன் வென்றார். நம் ஊர்க் கல்வெட்டின் பட்டியலில் 'மகன்' என்ற சொல்லும் இருக்கிறது என்பதை மீண்டும் ஒருமுறை நினைவூட்டுகிறேன்.

'குற்றம் நிறுவப்படவில்லையே' என்பார்கள். உண்மை. சிறுமி ஒருவர் தொடர்பான வழக்கில், அதைக் கைவிடலாம் என்று காவல்துறை தந்த அறிக்கையை நீதிமன்றம் 2025 மே 26 அன்று ஏற்று முடித்துவைத்தது. மற்ற பெண்களின் வழக்கில் 2024 மே மாதம் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளை வனைந்தது. அவர் குற்றத்தை ஒப்பவில்லை. குற்றவாளி யார் என்று தீர்ப்பெழுத எனக்கு உரிமையில்லை, எழுதவும் இல்லை. நான் கேட்பது வேறு. தீர்ப்பு வரும்வரை ஒருவன் நிரபராதி என்ற நெறி, தீர்ப்பு வரும்வரை அவனும் அவன் ஆட்களுமே நாற்காலியில் இருக்கலாம் என்ற நெறியாக எப்போது மாறியது? கல்வெட்டுக்காரர்கள் கணக்குக் காட்டாதவனைச் சிறையில் இடவில்லை. குடத்திலிருந்து பெயரை எடுத்தார்கள். அவ்வளவே.

இந்த நோய் டெல்லிக்கு மட்டும் உரியதன்று. கேபிள் தொலைக்காட்சி நம் சிற்றூர்களுக்கு வந்த நாளில் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்த அமெரிக்கக் காட்சி மல்யுத்தத்தை நினைத்துப் பாருங்கள். அட்டைப் படங்களை வைத்து அவர்கள் விளையாடிய விளையாட்டும் நினைவிருக்கும். அந்த நிறுவனமான டபிள்யூ டபிள்யூ ஈ-யைப் பல்லாண்டு ஆண்டவர் வின்ஸ் மெக்மேன். பெண்களின் வாயை அடைக்க அவர் பணம் தந்தார் என்ற செய்தி 2022இல் வெளியானது. நிறுவனத்தின் இயக்குநர்களே விசாரித்தார்கள். அவர் ஓய்வு அறிவித்தார். ஆனால் வாக்குரிமைப் பங்குகளில் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது. அடுத்த சனவரியிலேயே அவர் தலைவராகத் திரும்பி வந்தார். 2024 சனவரியில் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் வழக்குத் தொடுத்த பிறகே மீண்டும் விலகினார், குற்றச்சாட்டை மறுத்தார். 2025 சனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வெளியிட்ட உத்தரவு, இரண்டு பெண்களோடு 30 லட்சம், 75 லட்சம் டாலருக்கு அவர் செய்த மௌன ஒப்பந்தங்களைக் குறித்தது. தண்டம் 4 லட்சம் டாலர். அதுவும் பெண்களுக்கு இழைத்ததற்காக அன்று. அந்த ஒப்பந்தங்களை நிறுவனத்திற்கும் அதன் தணிக்கையாளருக்கும் மறைத்ததற்காக! முதலீட்டாளரின் கணக்குக்குக் காவல் இருந்தது, பெண்ணுக்கு இல்லை. அந்நிறுவனம் தன் மல்லர்களைப் பணியாளராகவே கொள்வதில்லை, தனி ஒப்பந்தக்காரர் என்றே கொள்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு நம் வீட்டைப்பற்றி எழுதாமல் போனால் இந்தப் பேனாவை முறித்துப் போடலாம். தமிழகத்தின் ஒரு மறைமாவட்டத்துக் குரு ஒருவர், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பணியாற்றியபோது சிறுமியிடம் முறைகேடாக நடந்ததை 2015இல் அங்குள்ள நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு இங்கே அவருடைய இடைநீக்கம் நீக்கப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த எத்தனை பொதுநிலையினர் வாய் திறந்தோம்? திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் பிறப்பித்த சட்டம், புகார் தரும் வழி ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் எளிதில் எட்டும்படி இருக்கவேண்டும் எனக் கட்டளையிட்டது. 2023இல் அது நிலையான சட்டமாயிற்று. நன்று. ஆனால் அதிலும் ஆயர்மீதான புகாரை விசாரிப்பவர் பெரும்பாலும் மற்றோர் ஆயரே. பொதுநிலையினரைத் துணைகொள்ள இடமுண்டே தவிரக் கட்டாயமில்லை. சம்மேளனத்தைக் கேட்ட கேள்வியை இங்கே கேட்காமலிருக்க எனக்கு நியாயம் தெரியவில்லை.

நம் திருவிவிலியத்தில், தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில், சூசன்னா இருக்கிறாள். அவளை இச்சித்த முதியோர் இருவரும் அவ்வாண்டின் நடுவர்கள். அவர்களே குற்றம் சாட்டினார்கள், அவர்களே சாட்சி சொன்னார்கள். மக்களின் மூப்பர் என்பதால் சபை அவர்களை நம்பிச் சாவுத் தீர்ப்பும் அளித்துவிட்டது. இளைஞன் தானியேல் செய்ததென்ன? புதிய சான்று எதையும் அவன் கொண்டுவரவில்லை. இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் என்று தனித்தனியே கேட்டான். பதவியில் இருப்பவரைச் சாதாரணச் சாட்சியைப் போல நிறுத்திக் கேட்டான். கதை அங்கே உடைந்தது. இதை நாம் தவக்காலத்தில் வாசகமாகக் கேட்கிறோம்; கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

என் பழைய மாணவருக்கு நான் சொன்னது இதுதான்: "அனுப்ப வேண்டாம் என்று சொல்லமாட்டேன்பா. நேரில் போய் மூன்று விஷயம் பார். புகார்க் குழுவில் யார் யார் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்களா? அதில் விடுதியைச் சேராத வெளியாள் உண்டா? பயிற்சியாளர்மீதே புகார் என்றால் பிள்ளை யாருக்குப் போன் செய்யவேண்டும்?"

பத்து நாள் கழித்து வந்தார். பலகை இருந்ததாம். ஐந்து பெயர்கள். அவற்றுள் இருவர் மாற்றலாகிப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். தொலைபேசி எண் எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்ததாம். அங்கிருந்தவரிடம் கேட்டதற்கு, "உங்க பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே புகாரா?" என்று சிரித்தாராம்.

"அந்த எடத்துல நம்பர எழுதுங்க சார், அப்பறம் கூட்டியாறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன் சார்" என்றார். பள்ளி திறக்க அப்போது பதினோரு நாள் இருந்தது.