தபாலில் வரும் குதிரை

ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ லயத்து வாசலில் சதுரங்கப் பலகையை விரிக்கும் தம்பிக்கு ஒரு குறை உண்டு. தோட்டத்தில் அவனை வெல்ல ஆளில்லை. கிள்ளானில் இருக்கும் கெட்டிக்கார ஆட்டக்காரரைத் தேடிப் போகவோ பஸ் காசு இல்லை. போனாலும் தோற்றுவிடுவோமோ என்ற பயம் வேறு!

பயம் நியாயமானதுதான். உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970-ல் ஏற்றுக்கொண்ட ஈலோ தரப்புள்ளிக் கணக்குப்படி, 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் 100 ஆட்டத்தில் ஏறக்குறைய 76 புள்ளிகளைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஆனால், கடிதத்தில் ஆடிப் பாருங்களேன். கடிகாரம் விரட்டாது. எதிரே உட்கார்ந்து முறைக்கவும் ஆளில்லை. வேலை முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, ஒரே நகர்வை மூன்று இரவு யோசிக்கலாம். 1824-ல் லண்டன் சங்கத்தோடு இப்படித்தான் எடின்பரோ சங்கம் மோதியது. பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் லண்டன் பக்கம். 1828-ல் முடிந்தபோது ஜெயித்தது எடின்பரோ!

அதே 1828-ல் நம் சென்னையும் ஐதராபாத்தும் கடிதத்தில் இரண்டு ஆட்டம் ஆடின. ரயில் இல்லாத காலம். தபால் பையை ஆள் மாற்றி ஆள் சுமந்து ஓடிய காலம். சென்னைக்காக ஆட்டத்தை நடத்தியவர் குலாம் காசிம். அவரோடு சேர்ந்து எழுதியவர் ஜேம்ஸ் காக்ரேன் என்ற சிவில் உத்தியோக வெள்ளைக்காரர். 1829-ல் சென்னையில் அச்சான அவர்களுடைய புத்தகத்தில் காசிம் பெயர்தான் முதலில் நிற்கிறது. சென்னை ஆட்டங்களுக்குத் தலைமை அவரே என்றும் போட்டிருக்கிறது. துரைக்கு முன் கைகட்டி நின்ற தாத்தாமாரின் பேரப்பிள்ளைகள் நாம். இதை அறிந்தபோது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

குதிரையை வெட்டக் கொடுத்துவிட்டு ராஜாவைத் தாக்கும் முசியோ முறையை அதில் அலசியிருக்கிறார்கள். அதையொட்டிய ஒரு முறை இன்றும் காசிம் பெயரால் வழங்குகிறது.

ஆட நினைப்பவர்கள் எதிராளியின் கடைசி நகர்வையும் உங்கள் பதிலையும் வரிசை எண்ணோடு எழுதுங்கள். நகல் ஒன்று கையில் இருக்கட்டும். அனுப்பிய நகர்வை மாற்றக் கேட்காதீர்கள். லண்டன் கேட்டது, எடின்பரோ விடவில்லை. இப்போது கைப்பேசியிலேயே நகர்வை அனுப்பலாம். ஆனால் அதனிடமே யோசனை கேட்டால் ஆடுவது நீங்களல்ல, அதுதான். நகர்வுக்கு எத்தனை நாள் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பரீட்சை வந்தால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லி ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.