பூட்டிய கணினி அறையும் ஒரு பென்டிரைவும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

நான் வேலை பார்த்த பள்ளிக்குப் போன மாதம் போயிருந்தேன். பத்துக் கணினிகள் இருக்கும் அறை பூட்டியே கிடந்தது. ஏன் என்று கேட்டால், "பிள்ளைங்க எதையாவது அழிச்சிடுவாங்க சார், அப்புறம் சரி பண்ண ஆள் கிடைக்காது" என்கிறார் இளம் ஆசிரியர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் காலத்தில் அதே பூட்டை நானும் போட்டவன்தான்.

இந்தப் பயத்துக்கு மருந்து லைவ் லினக்ஸ் என்பது என் கருத்து. அதுவும் எவரோ செய்ததை அப்படியே இறக்கிப் போடாமல், நம் பள்ளிக்கு வேண்டியதை நாமே செய்துகொள்ள வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹார்டு டிஸ்கில் எதையும் நிறுவாமல், டிவிடியிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ நேராக ஓடும் இயங்குதளம் இது. பிள்ளை செய்யும் மாற்றமெல்லாம் ரேமில் மட்டும் நிற்கும். அணைத்துப் போட்டால் துடைத்த கரும்பலகை மாதிரி. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000-த்திலேயே நாப்பிக்ஸ் என்று ஒன்றை வெளியிட்டார். 700 எம்பி சிடிக்குள் ஏறத்தாழ 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி அடைத்த வித்தை அது. (வேண்டுமென்றே ஹார்டு டிஸ்கைத் திறந்து அழிப்பவனை இது தடுக்காது. அதற்கு நான் டிஸ்கின் கேபிளையே கழற்றிவிட்டேன்!)

செய்வது பெரிய வேலை இல்லை. டெபியனில் லைவ்-பில்ட் என்றொரு கருவி இருக்கிறது. வேண்டிய மென்பொருள்களின் பெயரை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதிக் கட்டளை கொடுத்தால், இணையத்திலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக் கோத்து ஐஎஸ்ஓ கோப்பாகத் தந்துவிடும். உங்களிடம் இருப்பவை 32 பிட் கணினிகள் என்றால் டெபியன் 12-ஓடு நின்றுகொள்ளுங்கள். 13-ல் அவற்றுக்குக் கெர்னல் கிடையாது.

கஷ்டம் அந்தப் பட்டியலை எழுதுவதில்தான். இரண்டு நாள் உட்கார்ந்தேன். முதல் முறை தமிழ் எழுத்துருவைச் சேர்க்க மறந்து, திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. தமிழாசிரியராக இருந்தவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? லோஹித் எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்தேன். லிப்ரே ஆபீஸ், சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரிஸ், வேதியியலுக்கு கால்சியம். வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியத்தை மிகவும் ஆசைப்பட்டுப் போட்டேன். 2 ஜிபி ரேமில் மாட்டு வண்டியாக நகர்ந்தது, மனசில்லாமல் எடுத்துவிட்டேன். ஆயத்தமாகக் கிடைப்பதில் பிள்ளைக்குத் தேவைப்படாத மென்பொருள்கள் எத்தனையோ இருக்கும். எது வேண்டும், எது வேண்டாம் என்பது வகுப்பில் நின்றவருக்குத்தானே தெரியும்?

"இப்ப எல்லாம் மொபைல்லயே இருக்கே" என்பவர்களுக்கு: மொபைலில் பிள்ளை பார்க்கிறான். நான்கு பக்கம் தட்டச்சு செய்யச் சொல்லிப் பாருங்கள்.

போன வாரம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எதையோ அழுத்த, திரையின் கீழ்ப்பட்டை காணாமல் போனது. முகம் வெளுத்துவிட்டது. "அணைச்சுட்டுப் போடும்மா" என்றேன். பட்டை வந்துவிட்டது. என்னை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் அதே பட்டையை வேண்டுமென்றே அழித்தாள்.

பிள்ளைகள் எழுதியதைச் சேமிக்கத் தனிப் பென்டிரைவ் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

என் பட்டியலைக் கேட்பவர்களுக்குத் தருகிறேன். ஆனால் உங்கள் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து கேளுங்கள்.