பெட்டியில் 300, வீட்டில் எவ்வளவு?



ஆயிரம் ரூபாய் அளவில் விற்கும் வைஃபை ரவுட்டர்களை வாங்கியவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: ஹாலில் வேகம் பறக்கிறது, உள்ளறையில் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

அட்டைப்பெட்டியில் '300 எம்பிபிஎஸ்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது ஏட்டளவிலான உச்ச வேகம்; நடைமுறையில் பாதி கிடைத்தாலே பெரிது. இணையக் கேபிளைச் செருகும் போர்ட்டோ பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுபவருக்கு மீதி எப்படி வந்து சேரும்? பழி என்னவோ இணைப்பு கொடுத்தவர் மேல் விழுகிறது.

இந்த விலையில் வரும் பல ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்குபவை. அதில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அடுக்குமாடியில் அத்தனை வீட்டு ரவுட்டர்களும் அதற்குள்தான் முட்டி மோத வேண்டும்.

பாதுகாப்பும் கவலைக்குரியதே. 'அட்மின்' என்ற ஆரம்பக் கடவுச்சொல்லைப் பலர் மாற்றுவதேயில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இப்படி எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு கருவிகளை விற்கத் தடை உள்ளது. பாதுகாப்பு அப்டேட் எத்தனை காலம் வரும் என்பதையும் தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும்.

இங்கும் போர்ட்டின் வேகத்தையும் அப்டேட் காலத்தையும் பெட்டியின் முகப்பிலேயே அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். ஏமாந்ததாக நினைப்பவர்கள் பில்லைப் பத்திரப்படுத்திக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை